உத்திரமேரூர்: ஏரி, சபை, பேரூராட்சி

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி, அதே பெயருள்ள வட்டத்தின் தலைமையிடம், சட்டமன்றத் தொகுதியும்கூட. சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலும் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சுமார் 25 ஆயிரம் பேர் இங்கு வாழ்ந்தனர். ரயில் இந்த ஊருக்கு வரவில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம் ஆகிய ஊர்களுக்குப் பிரியும் சாலைகளும் அவற்றில் ஓடும் பேருந்துகளுமே போக்குவரத்து. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டுகள் இரண்டு இந்த ஊரின் பெயரைப் பள்ளிப் பாடநூல் முதல் நாடாளுமன்ற உரை வரை கொண்டுசென்றிருக்கின்றன. குடத்தில் ஓலையிட்டு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறை என்றதும் நினைவுக்கு வரும் ஊர் இதுதான். ஆனால் குடத்தை மட்டும் பார்த்தால் ஊர் புரியாது. ஏரியிலிருந்து தொடங்குவதே சரி.

நிலமும் நீரும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் சாலை முதலில் பாலாற்றையும் பிறகு செய்யாற்றையும் கடக்கிறது. செய்யாறு வடகிழக்காக ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. செய்யாற்றுக்குத் தெற்கே விரியும் சமவெளியில் ஊர் இருக்கிறது. இரண்டு ஆறுகளுமே ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். மழை பெய்யும் சில வாரங்களில் வெள்ளம் வரும், பிறகு வற்றும். வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துவைக்காவிட்டால் நெல் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்ல வைத்தது இந்தத் தேவைதான்.

உத்திரமேரூர் ஏரி இப்பகுதியின் பெரிய ஏரிகளுள் ஒன்று. தன் நீர்ப்பிடிப்பில் விழும் மழையோடு செய்யாற்றிலிருந்து கால்வாய் வழியாக வரும் நீரும் அதற்கு உண்டு. பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இது வயிரமேகத் தடாகம் என்று குறிக்கப்படுகிறது. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் கொடுக்கப்பட்ட பொன்னும் நிலமும் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் பணத்தை யார் கையில் கொடுப்பது, அவர்களிடம் யார் கணக்குக் கேட்பது என்ற கேள்விகள் கூடவே எழும். ஊரை நிர்வகித்த சபையின் விதிகளைப் படிக்கும்போது இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பல்லவர் அமைத்த ஊர்

எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் வேதம் கற்ற பிராமணர்களுக்குத் தானமாக அளித்து உருவாக்கிய ஊர் இது. அப்போதைய பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். கோயில்கள் எந்தத் திசையில் எந்தத் தெய்வத்துக்கு இருக்க வேண்டும் என்று ஆகமம் சொல்வதை ஒட்டி ஊர் திட்டமிடப்பட்டது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் இதை விரிவாக ஆராய்ந்து 1970இல் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு நூலாக வெளியிட்டனர்.

கோயில்களுள் கட்டடக்கலைக்குப் பெயர்பெற்றது சுந்தரவரதப் பெருமாள் கோயில். அதன் விமானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள் உள்ளன. நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் திருமால் அவற்றில் இருக்கிறார். கைலாசநாதர் கோயிலும் பல்லவர் காலத்தது. பாலசுப்பிரமணியர் கோயில் அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற தலம்.

சோழர்கள் தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றிய பிறகு ஊர் அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. 949இல் தக்கோலப் போரில் சோழர் தோற்றபின் சில காலம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பெயரில் இங்கே கல்வெட்டு பொறித்தார்கள். அடுத்துப் பார்த்திவேந்திரவர்மன் என்ற அரசனின் பெயர் வருகிறது. பிறகு மீண்டும் சோழர். அரசர்கள் மாறிக்கொண்டிருந்தபோதும் நிலம் விற்றது, கொடை ஏற்றது, வரி நீக்கியது எல்லாம் சபையின் பெயரிலேயே பதிவாகிக்கொண்டிருந்தன. ஊர்ப் பெயரும் ஆட்சிக்கேற்ப இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம், கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் என்றெல்லாம் மாறியது. கடைசியில் நிலைத்தது பழைய பெயரே.

919, 921: இரண்டு தீர்மானங்கள்

வைகுந்தப் பெருமாள் கோயிலை ஒட்டிய மண்டபம் சபை கூடிய இடம். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், சபை செய்த இரண்டு தீர்மானங்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இவை 1898இல் படியெடுக்கப்பட்டன. கல்வெட்டறிஞர் வி. வெங்கையா இவற்றை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தினார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய நூல் இவற்றைப் பரவலாக அறியச் செய்தது.

இரண்டு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருக்கிறார். முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான், அடுத்த முறை சோமாசிப்பெருமான். சபை தானே முழுச் சுதந்திரத்தோடு எழுதிக்கொண்ட விதிகள் இவை என்று சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரச ஆணையைக் கேட்டு, அதிகாரி முன்னிலையில் செய்த ஏற்பாடு இது. இரண்டே ஆண்டுகளில் விதியைத் திருத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்து, முதல் ஏற்பாடு எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

ஊரில் 12 சேரிகளும் 30 குடும்புகளும் இருந்தன. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்ற பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளோரின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் ஓலையையும் சேர்த்துக் குடத்தில் இடுவார்கள். இளையோரும் முதியோருமாகச் சபை நிறைந்திருக்கும். ஊரில் உள்ள கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் அனைவரும் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்ன என்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலுக்கியபின் அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு நம்பிமாரும் படித்துக் காட்டுவார்கள். விரலை மூடினால் ஓலை மாறிவிடலாம் என்ற சந்தேகம் விதி எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது.

இப்படிக் கிடைத்த 30 பேரில் முன்பே தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்ற குழுக்களில் பணிசெய்த, கல்வியிலும் வயதிலும் மூத்த 12 பேர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்குப் போவார்கள். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொன்னின் மாற்றுப் பார்க்கும் பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். குற்றம் செய்தவர் நடுவிலேயே நீக்கப்படுவார்.

ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குத் தகுதி வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முதல் தீர்மானத்தில் 30 முதல் 60 வரை என்றிருந்தது. இரண்டாவதில் 35 முதல் 70 வரை என்று மாறியது. வேதப் பயிற்சி கட்டாயம். கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு வாய்ப்பில்லை.

விலக்கப்படுவோர் பட்டியல் இன்னும் சுவையானது. பெரும்பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய்க் கையெழுத்திட்டவர், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். முதலிடம் யாருக்கு என்று பார்த்தால், வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு. அவரோடு அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மருமகன், மாமனார், மைத்துனன் என்று உறவுமுறை முழுவதற்கும் தடை. தான் விலகிக்கொண்டு மைத்துனனை உட்கார வைக்கும் வழக்கம் அன்றே தெரிந்திருக்கிறது. இந்தத் தீர்மானங்களில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்க பகுதி குடமா, கணக்கா என்று கேட்டால், கணக்கு என்பதே இக்கட்டுரையின் விடை.

உலகின் முதல் மக்களாட்சி என்று மேடைகளில் முழங்குவது மிகை. இங்கே வாக்களிப்பு இல்லை, திருவுளச் சீட்டுதான். தேர்வுக்கு உரியவர்கள் நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்கள். அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பெயரோ, பெண்ணின் பெயரோ ஓலையில் ஏற இடமில்லை. வேளாளர் ஊர்களில் ஊர் என்ற அவையும் வணிகர் ஊர்களில் நகரம் என்ற அவையும் இயங்கின. சபை என்பது பிராமணர்களுக்குத் தானமாக அளித்த பிரமதேய ஊருக்கு உரியது. இந்த வரம்பை ஒப்புக்கொண்டாலும், நடைமுறையை இவ்வளவு நுணுக்கமாகக் கல்லில் எழுதிவைத்த ஊர்கள் அக்காலத் தமிழகத்தில் அரிது.

கம்பெனிக் காலம்

சோழராட்சி முடிந்தபின் சபைகள் தேய்ந்தன. விசயநகர ஆட்சியில் வரியும் காவலும் நாயக்கர்கள் கைக்கு மாறின. 1763இல் ஆற்காட்டு நவாபு செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலில் கணக்கன், தலையாரி, தச்சன், கொல்லன், வெட்டியான், கோயில் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு பிரித்ததும், ஏரிப் பராமரிப்புக்கு ஒதுக்கியதும் அந்தக் கணக்கிலிருந்து தெரிகின்றன. சபை போய்விட்டாலும் ஊர்ச் செலவை ஊரே ஏற்கும் வழக்கம் அதுவரை உயிரோடு இருந்தது. ரயத்துவாரி என்ற வரிமுறை வந்ததும் அரசு ஒவ்வொரு பட்டாதாரரோடும் நேராகக் கணக்கு வைத்துக்கொண்டது. பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தைச் சட்டத்தால் காக்க 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டதே அது தானாக நடக்காமல் போனதற்குச் சான்று. மதுராந்தகம் வட்டத்தில் இருந்த உத்திரமேரூர், அக்கால ஆவணங்களில் உத்திரமல்லூர் என்று பதிவாகியிருந்தது.

1884ஆம் ஆண்டுத் தல நிறுவனச் சட்டம் மாவட்ட, வட்ட வாரியங்களையும் யூனியன்களையும் கொண்டுவந்தது. 1920, 1950, 1958 எனச் சட்டங்கள் தொடர்ந்தன. 1948 நவம்பர் 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகள் பற்றிய பிரிவை கே. சந்தானம் முன்மொழிந்தார். அதை ஆதரித்துப் பேசிய டி. பிரகாசம், உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டைச் சான்று காட்டினார். அரசமைப்பின் 40ஆம் பிரிவு பிறந்த விவாதம் அது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் நரேந்திர மோதியும் இதே கல்வெட்டைப் பற்றிப் பேசினார்.

இன்றைய ஆட்சி

பஞ்சாயத்துக்கு எடுத்துக்காட்டான இந்த ஊர் இன்று சட்டப்படி பஞ்சாயத்து ராஜ் அமைப்பில் இல்லை. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி என்பதால் ஊராட்சிகளுக்கான அரசமைப்பின் 73ஆம் திருத்தம் இதற்குப் பொருந்தாது, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 74ஆம் திருத்தமே பொருந்தும். தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகள் 2004இல் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு 2006இல் பழைய நிலைக்குத் திரும்பின. கிராம சபைக் கூட்டம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நடக்கும். அவற்றின் 73 ஊராட்சிகளைக் கொண்ட உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியம் தனி அமைப்பு.

பேரூராட்சியில் 18 வார்டுகள் உள்ளன. உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரை உறுப்பினர்கள் தேர்கிறார்கள். அன்றாட நிர்வாகம் அரசு நியமிக்கும் செயல் அலுவலரிடம். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, சாலை, சொத்து வரி ஆகியவை பேரூராட்சியின் வேலைகள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்குப் பாதி இடம் என்பது 2016இல் சட்டமானது. 919ஆம் ஆண்டு விதிகளோடு ஒப்பிட்டால் உண்மையான முன்னேற்றம் இதில்தான் இருக்கிறது. பின்னடைவும் உண்டு. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 வரை தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. 360 நாளுக்கு ஒருமுறை ஓலை எடுத்த ஊரையும் ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்களே ஆண்டார்கள்.

ஏரி பேரூராட்சியின் கையில் இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் மாநில நீர்வளத் துறைக்கு உரியவை. அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன விவசாயிகளுக்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு. என்றாலும் மதகும் கரையும் தூர்வாரும் நிதியும் துறையிடமே இருக்கின்றன. ஏரி வாரியத்தின் ஆறு பேர் செய்த வேலையில் 18 வார்டு உறுப்பினர்களுக்கு இன்று சட்டப்படி இடமில்லை.

வைகுந்தப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்வெட்டு எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. பார்க்க வருபவர்கள் மண்டபத்தோடு திரும்பிவிடாமல் ஏரிக்கரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.