கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாடி

எங்க பெரியப்பா வீடு திருவொற்றியூரில் இருக்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு மேற்கே, கொஞ்சம் உள்ளே தள்ளி. மொட்டை மாடியில் 800 சதுர அடிக்கு ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் ரிட்டயர்மெண்ட் காலம் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. மேஸ்திரியும் சதுர அடி 2,200 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டு அட்வான்ஸ் வாங்கியாச்சு. பிளான் அப்ரூவலுக்குப் போன இடத்தில் "இது சி.ஆர்.இசட். ஏரியாவாச்சே" என்று ஃபைலை ஓரமா வெச்சுட்டாங்க. எட்டு மாசம்.

"நீதான் இன்ஜினியராச்சே, என்னன்னு பாருடா" என்றார். நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர். சொன்னா யார் கேட்கிறாங்க :-) சரின்னு தேட உட்கார்ந்தால், கதை 1875-ல் போய் நின்றது.

அந்த வருஷம் டிசம்பர் 15-ம் தேதி, பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயலில் பாதி அடிச்சுட்டுப் போய், திரும்பக் கட்டினார்கள். நம்ம பக்கம் கடலில் மணல் சும்மா கிடக்காது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலையோடு சேர்ந்து தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல்லைக் கொட்டி சுவர் எழுப்பினால்? மணல் தெற்கே தேங்கும், வடக்கே போகாது. தேங்கியதுதான் இன்றைய மெரினா. நாம சுண்டல் சாப்பிடுற அந்த மணல், ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டியது. வராத மணலுக்குப் பதிலா இந்தப் பக்கம் கடல் உள்ளே வந்தது. தெருக்கள் போச்சு, குப்பங்கள் இடம் மாறின. அதைத் தடுக்கத்தான் இன்னைக்கு எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா பாறாங்கல் கொட்டிக் கிடக்கு.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1981-ல் இந்திரா காந்தி, அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் காலியாக விடச் சொல்லி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். அது 1991 பிப்ரவரி 19-ல் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாக ஆனது. ஏற்கனவே வீடுகள் நிறைஞ்ச நகரப் பகுதிக்கு இரண்டாம் வகை என்று பேர். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஏற்கனவே ரோடு இருந்தால் கட்டலாம். ஆனால் மனைக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ. கணக்கு 1991-ல் இருந்தபடியே உறைஞ்சு நின்றது. 2011 அறிவிப்பில், இந்த வகைப் பகுதியில் கட்ட மாநிலக் கடலோர ஆணையத்தின் பரிந்துரையும் தேவைப்பட்டது.

எனக்கு உறைத்தது இதுதான். 500 மீட்டரை எங்கேர்ந்து அளக்கிறாங்க? கடல் இப்போ நிற்கிற இடத்திலேர்ந்து. திருவல்லிக்கேணியில் அந்த 500 மீட்டரில் பெரும்பகுதி மணலிலேயே போயிடும். திருவொற்றியூரில் மணலே கிடையாது, அளவுநாடா நேரா வீட்டுக்குள்ளே வரும். துறைமுகம் கடலைத் தள்ளிவிட்டது, கடல் கோட்டைத் தள்ளிவிட்டது. அதே 1991 அறிவிப்பில், நீரோரம் இல்லாமல் நடக்காத தொழில்களுக்கு விலக்கு உண்டு. எண்ணூர் துறைமுகம் 2001-ல் திறந்தே விட்டார்கள். பெரியப்பாவின் போர்ஷனுக்கு நீரோரம் அவசியமில்லையே!

அதுக்காக இந்தச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரலை. 2008-ல் இதுக்குப் பதிலா வேறொரு வரைவு வந்தபோது முதலில் எதிர்த்தவர்கள் மீனவர்கள்தான். இது போனால் கடற்கரை ரிசார்ட்காரர்கள் கைக்குப் போயிடும் என்று அவங்களுக்குத் தெரியும்.

2019 ஜனவரி 18-ல் வந்த புது அறிவிப்பு கொஞ்சம் இளகியிருக்கு. 300 சதுர மீட்டர் வரை சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் உள்ளாட்சியே அனுமதி தரலாம், ஆணையம் வரை போக வேண்டாம். எஃப்.எஸ்.ஐ. உறைஞ்ச தேதியும் 1991-லிருந்து அந்த நாளுக்கு நகர்ந்தது. ஆனால் அந்தந்த இடத்துக்குப் புதுக் கடலோர வரைபடம் ஒப்புதலானால்தான் இதெல்லாம் செல்லும். பெரியப்பா ஃபைலில் இன்னொரு கேள்வி வேற: வாடகைக்கு விடுற போர்ஷன் 'சொந்தமாகக் குடியிருக்கும்' வீட்டில் சேருமா?

போன வாரம் மேஸ்திரி வந்தார். "அண்ணே, சிமெண்ட்டு, கம்பி, ஆள் கூலி எல்லாம் ஏறிப்போச்சு. பழைய ரேட்டுக்கு என்னால முடியாது. 2,500 போட்டாத்தான் கட்டும்." 800 சதுர அடிக்கு 300 ரூபாய், 2 லட்சத்து 40 ஆயிரம் கூடுதல். அவரைத் திட்டவும் முடியலை. இந்த வேலையை நம்பி ரெண்டு கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்து வெச்சிருந்தாராம். அவங்க வேற சைட்டுக்குப் போயிட்டாங்க, அட்வான்ஸும் போச்சு.

"அனுமதி வர்ற வரைக்கும் தகர ஷீட்டு போட்டு ஒரு ரூம் எடுத்துடலாம்ணே, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் கிளம்பும்போது. அந்தத் தெருவில் மொட்டை மாடிகளை எட்டிப் பார்த்தேன். பாதி வீட்டில் தகர ஷீட்தான்.