எண்ணெய்க் குழாய் பள்ளிக்கூடம் கட்டுமா? - சாட் நாட்டின் கதை

ஏழை நாட்டில் அணை, துறைமுகம், ரயில் பாதை, எண்ணெய்க் குழாய் என்று வெளிநாட்டு முதலீடு வந்து இறங்கும்போது ஒரு வாக்குறுதியும் கூடவே வரும். இதில் வரும் வருமானத்தில் நாட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதே அது. இந்த வாக்குறுதியைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் நடுவே இருக்கும் சாட்.

குழாய் வந்த கதை:

சாட் 1960-ல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அதன்பின் பல ஆண்டுகள் உள்நாட்டுப் போரிலேயே கழிந்தன. தெற்கே டோபா பகுதியில் எண்ணெய் இருப்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் சாட் நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. பக்கத்து நாடான கேமரூனின் கிரிபி கடற்கரை வரை 1070 கி.மீ. நீளத்துக்குக் குழாய் பதித்தால்தான் எண்ணெயைக் கப்பலில் ஏற்ற முடியும்.

எக்சான் மொபில், செவ்ரான், மலேசியாவின் பெட்ரோனாஸ் ஆகிய 3 நிறுவனங்கள் இந்த வேலையில் இறங்கின. திட்ட மதிப்பு சுமார் 370 கோடி டாலர். உலக வங்கி 2000 ஜூனில் ஒப்புதல் தந்தது. மொத்தச் செலவில் அதன் பங்கு சிறியதுதான். ஆனால் அந்த வங்கி உடன் இல்லாமல் இவ்வளவு பணத்தைக் கொட்ட நிறுவனங்கள் தயாராக இல்லை.

உலக வங்கி ஒரு நிபந்தனை விதித்தது. எண்ணெய்ப் பணம் ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்!

100 ரூபாயில் 72 ரூபாய்:

அப்படிப் பிறந்ததுதான் 1999-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம். ராயல்டியும் பங்கு லாபமும் 100 ரூபாய் வந்தால் 10 ரூபாய் வருங்காலத் தலைமுறைக்கான சேமிப்பு. 72 ரூபாய் கல்வி, மருத்துவம், கிராம வளர்ச்சி, சாலை, குடிநீர் போன்றவற்றுக்கு. 4.50 ரூபாய் எண்ணெய் எடுக்கும் டோபா பகுதிக்கு. மீதி 13.50 ரூபாய்தான் அரசின் மற்ற செலவுகளுக்கு. பணம் முதலில் லண்டனில் உள்ள ஒரு வங்கிக் கணக்கில் சேரும். செலவுகளைச் சரிபார்க்க ஒரு கண்காணிப்புக் குழுவும் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் ஓட்டை அங்கேயே இருந்தது. நிறுவனங்கள் கட்டும் வருமான வரி இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. பின்னாளில் பெருந்தொகையாக வந்தது அந்த வரிதான்.

துப்பாக்கி முந்தியது:

2003-ல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே, நிறுவனங்கள் தந்த முன்பணத்தில் ஒரு பகுதியை அதிபர் இத்ரிஸ் டெபியின் அரசு ஆயுதம் வாங்கச் செலவிட்டது வெளியே தெரிந்துவிட்டது. கிளர்ச்சிப் படைகள் நெருக்கிய நேரத்தில், 2006 ஜனவரியில் சட்டமே திருத்தப்பட்டது. வருங்காலத் தலைமுறைச் சேமிப்பு ஒழிக்கப்பட்டது. முன்னுரிமைப் பட்டியலில் கல்விக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பு' வந்து உட்கார்ந்தது.

உலக வங்கி கடன்களை நிறுத்தியது. அந்த ஆண்டே சமரசமும் ஆனது. ஆனால் எண்ணெய் விலை ஏற ஏற வங்கியின் பிடி தளர்ந்தது. 2008-ல் சாட் அரசு பாக்கிக் கடனை முன்கூட்டியே அடைத்தது. உலக வங்கி திட்டத்திலிருந்து விலகியது.

பள்ளிகளுக்கு என்ன கிடைத்தது?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. புது வகுப்பறைகள் எழும்பின. பள்ளியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் கட்டடம் ஒருமுறை செலவு. ஆசிரியர் சம்பளமோ மாதாமாதம் வரும் செலவு. சாட் நாட்டின் கிராமங்களில் பெற்றோர் சங்கங்களே ஆள் வைத்துச் சம்பளம் தரும் 'சமூக ஆசிரியர்கள்' ஏராளம். அவர்களில் பலருக்கு முறையான பயிற்சி கிடையாது. எண்ணெய் வந்த பிறகும் அந்தச் சுமை பெற்றோர் தலையிலேயே இருந்தது.

2014-ல் எண்ணெய் விலை சரிந்ததும் அரசு கஜானா காலியானது. 2016-ல் ஆசிரியர்கள் சம்பள பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். சிக்கன நடவடிக்கை என்று பல்கலைக்கழக மாணவர்களின் உதவித்தொகையில் கை வைக்கப்பட்டது. வருங்காலத் தலைமுறைக்கென்று ஒதுக்கிய சேமிப்பை ஒழிக்காமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் கொஞ்சமாவது கைகொடுத்திருக்கும்.

பாடம்:

வெளிநாட்டு முதலீடு கெட்டது என்பதல்ல இந்தக் கதையின் பாடம். 1070 கி.மீ. குழாயை 3 ஆண்டுகளில் பதித்து முடிக்கப் பணமும் பொறியாளர்களும் போதும். அந்தக் குழாயில் வரும் பணம் ஒரு கிராமத்து ஆசிரியரின் கைக்கு மாதம் தவறாமல் போய்ச் சேர வேண்டுமானால் கணக்குக் கேட்கும் மக்களும், பதில் சொல்லும் அரசும் வேண்டும். அதை உலக வங்கி வெளியிலிருந்து கொண்டு வந்து தர முடியாது. சட்டத்தில் கல்விக்கு இடம் கொடுத்தவர்கள், அந்த இடத்தைக் காப்பாற்றும் பலத்தைச் சாட் நாட்டுப் பெற்றோருக்குக் கொடுக்கவில்லை.