வேரா மென்சிக் கோப்பை யாருடைய கோப்பை?

2024இல் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாட்டில் ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா, தானியா அடங்கிய நம்ம பெண்கள் அணி தங்கம் ஜெயிச்சது. எல்லாரும் பதக்கத்தைப் பற்றியே பேசினோம். ஜெயித்த அணிக்குக் கொடுக்கும் கோப்பைக்கு ஒரு பெயர் உண்டு: வேரா மென்சிக் கோப்பை.

வேரா 1906இல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா செக் நாட்டுக்காரர், அம்மா ஆங்கிலேயர். 1921இல் அம்மாவோடும் தங்கையோடும் இங்கிலாந்து வந்தார். 1927இல் லண்டனில் முதல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, கூடவே பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது. 11 ஆட்டத்தில் பத்தரைப் புள்ளி எடுத்து வேரா ஜெயித்தார். அப்போது வயசு 21. அதன் பிறகு 1939 வரை இன்னும் ஆறு முறை. ஏழு போட்டிகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன்: 83 ஆட்டம், 78 வெற்றி, 4 டிரா, ஒரே ஒரு தோல்வி (1930, ஹாம்பர்க்).

இப்படி ஒருவர் பெண்கள் போட்டியோடு நின்றிருந்தால் சுகமாக இருந்திருக்கலாம். அவர் நிற்கவில்லை. 1929இல் கார்ல்ஸ்பாட் போட்டியில் 22 பேரில் ஒரே பெண்ணாக ஆடினார். வியன்னாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெக்கர், இவரிடம் தோற்கிறவர்களை எல்லாம் 'வேரா மென்சிக் கிளப்'பில் சேர்க்கணும் என்று கிண்டல் செய்தார். கிளப்பின் முதல் உறுப்பினர் அவரே ஆனார்! இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். வேரா அந்தப் போட்டியில் கடைசி இடம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்தக் கடைசி இடம்தான் முக்கியமாகப் படுகிறது. தன்னைத் தோற்கடிக்கக்கூடியவர்களைத் தேடிப் போய் ஆடியிருக்கிறார். பின்னாளில் உலக சாம்பியனான மாக்ஸ் யூவ் ஹேஸ்டிங்ஸ் போட்டிகளில் இவரிடம் இரண்டு முறை தோற்றார். பஞ்சாபிலிருந்து போன மிர் சுல்தான் கானும் அந்தக் கிளப்பில் உண்டு.

உலக சாம்பியன்ஷிப்புகளில் முதலில் ரஷ்யா, பிறகு செக்கோஸ்லோவாக்கியா, 1937இல் ஸ்டீவன்சனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு இங்கிலாந்து என மூன்று நாட்டின் பெயரில் ஆடியிருக்கிறார். ஆனால் பெண்களுக்கான ஒலிம்பியாட்டில் ஆடியதே இல்லை, ஏன்னா அப்படி ஒன்று அப்போது கிடையாது. முதலாவது 1957இல் நெதர்லாந்தின் எம்மென் ஊரில்தான் நடந்தது.

அதைப் பார்க்க வேரா இல்லை. 1944 ஜூன் 26 அன்று லண்டன் கிளாப்பம் பகுதியில் அவர் வீட்டின் மேல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு விழுந்தது. வேரா, அம்மா, செஸ் வீராங்கனையான தங்கை ஓல்கா மூவரும் செத்துப்போனார்கள். சேர்த்துவைத்த பரிசுக் கோப்பைகளும் வீட்டோடு போயின. சாம்பியனாகவே இறந்ததால் பட்டம் 1950 வரை காலியாகக் கிடந்தது.

பெண்களுக்கான தனிப் பிரிவின் கோப்பைக்கு அவர் பெயரை வைத்தது ஒரு முரண்தான். தனிப் பிரிவு போதாது என்று ஆடியவர் அவர். இருந்தாலும் வேறு எந்தப் பெயர் பொருந்தும் என்றும் தெரியவில்லை.

புடாபெஸ்டுக்கு முந்தைய ஒலிம்பியாட் 2022இல் நம்ம மாமல்லபுரத்தில் நடந்தது. நமக்கு வெண்கலம். வேரா மென்சிக் கோப்பையை ஜெயித்தது உக்ரைன், ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில். அந்த அணியில் மரியா, அன்னா முசிச்சுக் என்று அக்கா தங்கை இருவர் ஆடினார்கள்.