சாரதியும் நடத்துநரும்



தவணைப் பரீட்சை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர்களாகிய நாம் ஒரு காரியம் செய்கிறோம். விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்கு இரவல் வாங்குகிறோம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. இதனால் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்று விளங்க, லண்டன் பஸ்களில் நடந்த ஒரு பழைய ஆய்வின் வரலாற்றைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியாவில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது கூடிக்கொண்டே போனது. காரணம் தெளிவாகத் தெரியவில்லை. ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் இதைத் தேடப் புறப்பட்டார். கிளாஸ்கோவில் வறுமைக்குள் வளர்ந்தவர். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவராக இருந்தவர். மனிதர் செய்யும் தொழிலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம்.

லண்டனின் இரட்டைத் தட்டு பஸ்கள் அதைச் சோதிக்க நல்ல வழியைக் காட்டின. ஒரு பஸ்ஸில் இருவர் வேலை செய்தார்கள். சாரதி வேலை நேரத்தில் ஏறத்தாழ 90 வீதத்தை உட்கார்ந்தே கழித்தார். நடத்துநரோ டிக்கட் கொடுக்க மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்குமாக ஏறி இறங்கினார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே வீதி, ஒரே புகை. வாழ்க்கை வசதியிலும் பெரிய வித்தியாசமில்லை.

35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் பதிவுகளை மொரிஸின் குழு ஆராய்ந்தது. சாரதிகளைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்திருந்தது. வந்தவர்களிலும் அது கடுமை குறைந்ததாக இருந்தது.

மொரிஸ் அவசரப்பட்டு இதை அறிவிக்கவில்லை. தற்செயலாக இருந்தால்? தபால் துறையையும் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபாற்காரர்களை, மேசையில் இருந்த எழுதுவினைஞர்களோடும் தொலைபேசி இயக்குநர்களோடும் ஒப்பிட்டார். அங்கும் அதே கதைதான். 1953 நவம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின.

"பருமனானவர்கள்தான் சாரதி வேலைக்குப் போயிருப்பார்கள்" என்று ஒரு மறுப்பு எழலாம் அல்லவா? அதற்கும் பதில் தேடினார்கள். ஊழியர்களுக்குச் சீருடை தைத்த பதிவேடுகளிலிருந்து காற்சட்டையின் இடுப்பளவை எடுத்தார்கள். சாரதிகளின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு கொண்டவர்களை ஒப்பிட்டபோதும், திடீர் மரணம் நடத்துநர்களிடையே குறைவாகவே இருந்தது. 

இந்த வரலாறு நமக்கு அவ்வளவு தூரமானதுமல்ல. லண்டனில் ஓடி முடித்த இரட்டைத் தட்டு பஸ்கள் பல கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கொழும்பு வீதிகளில் நம் நடத்துநர்களும் அதே மாதிரியான படிகளில் ஏறி இறங்கினார்கள்.

கவனியுங்கள்: அந்த நடத்துநர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். மைதானத்துக்குப் போகவில்லை, சப்பாத்து வாங்கவில்லை, அதற்கென நேரம் ஒதுக்கவுமில்லை. அசைவு அவர்களுடைய வேலைக்குள்ளேயே இருந்தது. பின்னர் உடலால் செய்யும் வேலைகள் குறைந்தன. மொரிஸும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அரச ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். அவர் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

உலக சுகாதார நிறுவனம் முன்னர், குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் உடற்பயிற்சியாகக் கணக்கெடுக்கலாம் என்றது. 2020இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. சின்னச் சின்ன அசைவும் சேரும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் என்பது அதன் பரிந்துரை.

இப்போது நம் பிள்ளைகளைப் பார்ப்போம். வாசலில் முச்சக்கர வண்டியில் ஏறி, பாடசாலை வாசலில் இறங்குகிறார்கள். ஐந்தாறு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு, அப்படியே டியூஷன் கதிரைக்குப் போகிறார்கள். நடத்துநர்களாகப் பிறந்த பிள்ளைகளைச் சாரதி ஆசனத்தில் இருத்திவிட்டோம். பள்ளிவாசலுக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று மத்ரஸாவில் படித்த நாமும், இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. வயது வந்ததும் ஓட்டம் நின்றுவிடுகிறது. இடமில்லை என்று சொல்லிவிடுகிறோம். பாடசாலை மதிலுக்குள்ளே, பாடசாலை நேரத்துக்குள்ளே இடம் இருக்கிறது. அந்தப் பாடவேளையைத்தான் நாம் கணிதத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே முதலில் ஆசிரியர்களாகிய நாம் இந்தத் தவணையிலிருந்து அந்தப் பாடவேளையில் கை வைக்காமல் இருப்போம். பெற்றோரே, பாதை பாதுகாப்பானதாக இருந்தால் வாகனத்தைச் சற்று முன்னரே நிறுத்தி, பிள்ளையோடு சேர்ந்து மிச்ச தூரத்தை நடந்து வாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு வக்துக்காவது பள்ளிக்கு நடந்து போவோம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு.