பரங்கிமலைக் கல்லில் ஒரு சொல்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், "ஏசு என்பது பெயர், கிறிஸ்து என்பது குலப்பெயர்" என்று ஒரு பாத்திரம் சொல்லும். அந்த அசட்டு வாக்கியம் அச்சேறிய வாரமே தாம்பரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர், கிறிஸ்தவர். "கிறிஸ்து என்பது பெயருமல்ல, குலமுமல்ல, அது ஒரு பட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வாருங்கள். கல்லிலேயே காட்டுகிறேன்" என்று கண்டிருந்தது.

போனேன். அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, இருவரும் மின்சார ரயிலில் பல்லாவரம், மீனம்பாக்கம் தாண்டிப் பரங்கிமலையில் இறங்கினோம். மலைப்படிகளில் நான் மூச்சு வாங்க, அவர் அனாயாசமாக ஏறினார்.

உச்சியிலுள்ள கோயில் போர்ச்சுகீசியர் 1523-ல் கட்டியது. 1547-ல் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கல் அகப்பட்டது. நடுவே சிலுவை, அதைச் சுற்றி வளைவாக எழுத்துக்கள். பீடத்தின் பின்னே பதித்திருக்கும் அந்தக் கல்லை முன்பும் நான் பார்த்ததுண்டு. எழுத்தைக் கொடிவேலை என்று எண்ணியிருந்தேன்!

"அது பழைய பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. 1873-ல் பர்னல் துரை படித்தார். அவருக்குப் பின் பலர் படித்தார்கள். வாசகத்தில் ஒருவருக்கொருவர் ஒத்துப் போவதில்லை. ஆனால் ஒரு சொல்லில் தகராறு இல்லை: மஷீஹா" என்றார் நண்பர்.

"அப்படியென்றால்?"

"எண்ணெய் பூசப்பட்டவன். அவ்வளவுதான்."

நம் ராஜாக்களுக்குத் தீர்த்தத்தால் பட்டாபிஷேகம். யூதருக்கோ எண்ணெயால். ஈசாயின் பிள்ளைகளில் கடைக்குட்டியான, ஆடு மேய்த்துக் கொண்டிருந்த தாவீதை அழைத்து, கொம்பிலிருந்த தைலத்தைத் தலையில் வார்த்தார் சாமுவேல். அப்படி வார்க்கப்பட்டவனுக்கு எபிரேய மொழியில் 'மாஷீயாக்'. நம் பைபிளில் மேசியா. அதையே கிரேக்கத்தில் மொழிபெயர்த்து 'கிறிஸ்தோஸ்' என்றார்கள். ஆகவே முதலில் அந்தச் சொல் வானத்திலிருந்து வரப்போகிறவரைக் குறிக்கவில்லை. சிம்மாசனத்தில் இருக்கிற மனிதனைக் குறித்தது.

பிறகு எப்படி மாறியது? கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேமைக் கொளுத்தினார்கள். ராஜா சிறைப்பட்டான். தாவீதின் வம்சம் என்றும் நிலைக்கும் என்ற வாக்கு மட்டும் மிஞ்சியது. இருக்கும் அரசனைக் குறித்த சொல், வரவேண்டிய அரசனைத் தேடி அலையத் தொடங்கியது.

கி.மு. 539-ல் பாபிலோனை வென்று யூதர் ஊர் திரும்ப வழிவிட்டவன் பாரசீகச் சக்கரவர்த்தி கோரேஸ். ஏசாயா ஆகமம் அந்த அந்நியனையே 'மாஷீயாக்' என்று அழைக்கிறது! யூதர் ஒரு பாரசீகனுக்கு வழங்கிய பட்டம், பல நூற்றாண்டு கழித்துப் பாரசீக எழுத்திலேயே பரங்கிமலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ரோமர் ஆட்சியில் ஏக்கம் முற்றிற்று. 1947 முதல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த சுவடிகளில் குரு ஒருவர், அரசர் ஒருவர் என இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தவர்களைக் காண்கிறோம். கி.பி. 132-ல் கலகம் செய்த பார் கோக்பாவை மேசியா என்றார் மகாஞானி அகிபா. 135-ல் எல்லாம் ரத்தத்தில் முடிந்தது. 1666-ல் சப்பத்தாய் சேவி என்பவரை நம்பிப் பல தேசத்து யூதர்கள் மூட்டை கட்டினார்கள். துருக்கி சுல்தான் மிரட்டவே அவர் முஸ்லிமாகிவிட்டார்.

நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "இத்தனை பேரை நம்பியவர்கள் ஏசுவை ஏன் நம்பவில்லை? அவ்வளவு குருடா?"

நண்பர் முகம் மாறிவிட்டது.

"அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் ஐரோப்பாவில் அவர்கள் வீடுகளை எரித்தார்கள், ஸார். வந்துவிட்டார் என்று நம்புகிறவன் நான். ஆனால் அவர்கள் கணக்கு வேறு. மேசியா வந்தால் யுத்தம் ஒழியவேண்டும்; சிதறியவர்கள் வீடு திரும்பவேண்டும். ஒழிந்ததா? இல்லையே! ஆகையால் இன்னும் வரவில்லை என்கிறார்கள். இதில் குருட்டுத்தனம் எங்கே இருக்கிறது? நாமும் அவர் மறுபடி வருவார் என்றுதானே காத்திருக்கிறோம்?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. வெளியே வந்து சுவரோரம் நின்றோம். கீழே மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கிக் கொண்டிருந்தது. வாசலில் யார் யாரோ யாருக்காகவோ காத்துக் கொண்டிருப்பார்கள்.

"இந்தக் கோயிலுக்குப் பெயர் என்ன தெரியுமா?" என்றார் நண்பர். "எதிர்பார்ப்பின் அன்னை."

கதை புத்தகமாக வந்தபோது அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.