புண்ணும் புரதமும்: உயிர்ச்சத்து ஏ பற்றிய அறிவின் வளர்ச்சியும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்பது. எனினும், வயலின் நெல்லையும் நீரின் மீனையும் ஒரே உண்கலத்திற் சேர்த்து வைப்பதும் அதுவே. அரிவாள் பட்ட கையும் சிப்பி கீறிய காலும் இங்குள்ள உழைப்பாளர்க்குப் புதியனவல்ல. அப்புண்கள் விரைவில் ஆறுவதற்கும் ஆறாது நாட்படுவதற்கும் உணவும் ஒரு காரணம் என்பதை அறிவியல் படிப்படியாகவே கண்டறிந்தது.

வெண்ணெய், முட்டை ஆகியவற்றின் கொழுப்பில் வளர்ச்சிக்கு இன்றியமையாத பொருளொன்று உண்டென மக்கொலமும் டேவிசும் 1913இல் அமெரிக்காவில் நிறுவினர். பின்னர் உயிர்ச்சத்து ஏ எனப் பெயர்பெற்றது அதுவே. அதனை இழந்த எலிகளின் மேலணியிழையம் இயல்பு திரிந்து தடித்துக் காய்வதை 1925இல் வுல்பாக்கும் ஹோவும் காட்டினர். இலங்கையிற் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், தேரைத்தோல் போன்று சொரசொரத்த தோல்நோயொன்றை 1933இல் விவரித்து, உயிர்ச்சத்துக் குறையே அதன் காரணம் என்றார். கொழுப்பமிலக் குறை முதலியனவும் அதற்குக் காரணமாகலாம் எனப் பின்வந்தோர் திருத்தினர். ஆயினும், தோலைக் கண்டு உணவை ஆராயும் வழி இந்நாட்டில் அவரால் வலுப்பெற்றது.

1968ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். கோர்ட்டிசோன் மருந்தால் தடைப்பட்ட புண்ணாறலை உயிர்ச்சத்து ஏ மீட்பதை ஏர்லிக்கும் ஹண்டும் விலங்குகளிற் கண்டனர். அதே ஆண்டில் கனாய், ராஸ், குட்மன் ஆகியோர், ஈரலிற் சேமித்த அச்சத்தைக் குருதியிற் சுமந்து செல்லும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். கலத்தின் கருவிலே அமர்ந்து, ரெற்றினோயிக் அமிலத்தின் ஏவலை ஏற்றுப் பரம்பரையலகுகளை இயக்கும் வாங்கிப்புரதங்கள் 1987இல் அறியப்பட்டன. புண்ணின் விளிம்பிலுள்ள மேலணிக் கலங்கள் பெருகி முதிர்ந்து அதனை மூடுவதில் இவ்வியக்கத்துக்குப் பங்குண்டு.

இதனாற் பெறப்படும் உண்மை ஒன்று. சத்து ஈரலில் இருந்தாலும், சுமக்கும் புரதம் குன்றினால் அது புண்ணைச் சென்று சேராது. புரதப் பஞ்சமுற்ற குழந்தைகளின் குருதியில் இச்சுமைப்புரதம் குறைவதும், புரதவுணவு அளித்தபின் உயர்வதும் ஆய்வுகளாற் புலப்பட்டன. காயமும் தொற்றும் நேரும்போதும் அதன் அளவு தாழ்கின்றது.

எனவே, தேங்காய்ப்பாலிற் சமைத்த முருங்கையிலையும் வாவிமீனும் சோற்றுடன் சேரும் வழமையைச் சுவையின்பாற்பட்டதென்று மட்டும் கொள்ளலாகாது. இலையிலுள்ள கரோட்டீனை உடல் ஏற்கக் கொழுப்பு உதவுகின்றது. சுமைப்புரதத்தை ஆக்குவதற்கு வேண்டியதை மீன் அளிக்கின்றது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், மீன்பிடிக்குத் தடைகள் நிலவிய போர்க்காலமும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இம்மக்களின் உடலிற் புண்ணையும் உணவிற் குறையையும் ஒருங்கே விளைத்தன. அளவு மிஞ்சினால் உயிர்ச்சத்து ஏ நஞ்சாகும்; ஆதலின் மாத்திரை மட்டுமே மாற்றாகாது. வாவியின் வளத்தைக் காப்பது மீனவரின் பிழைப்பைக் காப்பது. வறியோரின் புண் ஆறும் வழியைக் காப்பதும் அதுவே.