லெஜண்டரி ஹீரோ இருந்தும் டீம் தோற்பது ஏன்? 'ரெய்டு' கேமில் எண்ட்கேம் டீம் போடுவது எப்படி?

மொபைலில் ஆர்பிஜி கேம் ஆடுபவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். ஆரம்பத்தில் எந்த ஹீரோவை வைத்து ஆடினாலும் ஜெயிப்போம். சில மாதங்கள் கழித்து அதே டீம் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். லெவல் முழுசா ஏத்தியாச்சு, லெஜண்டரி ஹீரோவும் இருக்கு, ஆனாலும் பாஸ் நம்மை இரண்டே நிமிஷத்தில் காலி பண்ணிடும். அந்த நேரம் பார்த்து திரையில் ஒரு ஆஃபர் வந்து நிற்கும். "இன்னும் நாலு ஷார்டு வாங்கினா போதும்" என்று தோன்றும்.

அதற்காகக் காசைக் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. பிளாரியம் நிறுவனத்தின் 'ரெய்டு: ஷேடோ லெஜண்ட்ஸ்' கேமை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

எண்ட்கேம் என்றால் என்ன?

ரெய்டில் கதைப் பகுதியான கேம்பெயினை முடிப்பதுதான் உண்மையான தொடக்கம். அதற்குப் பிறகு வருபவை கிளான் பாஸ், 120 தளங்கள் கொண்ட டூம் டவர், ஃபேக்ஷன் வார்ஸ், ஹைட்ரா, டஞ்சன்களின் மேல் ஸ்டேஜ்கள். இவைதான் எண்ட்கேம்.

இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் விதி வேறு. ஃபேக்ஷன் வார்ஸில் ஒரே பிரிவைச் சேர்ந்த ஹீரோக்களை மட்டும்தான் இறக்க முடியும். ஹைட்ராவில் ஐந்து பேருக்குப் பதில் ஆறு பேர் டீம். ஃபயர் நைட் டஞ்சனில் பாஸின் கவசம் அடியின் பலத்தால் உடையாது, அடிகளின் எண்ணிக்கையால்தான் உடையும். ஒரே அடியில் பெரிய டேமேஜ் கொடுக்கும் ஹீரோவைவிட, ஒரு டர்னில் மூன்று நான்கு முறை சின்னதாக அடிக்கும் ஹீரோ அங்கே பெரிய ஆள்.

ஆக, எல்லா இடத்துக்கும் ஒரே 'பெஸ்ட் டீம்' என்று ஒன்று கிடையாது.

அபூர்வம் வேறு, உபயோகம் வேறு

ரெய்டில் ஹீரோக்களுக்கு 'சாம்பியன்' என்று பெயர். காமன், அன்காமன், ரேர், எபிக், லெஜண்டரி, மித்திக்கல் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். தரம் ஏற ஏற கிடைப்பது கஷ்டம். பலரும் இதை 'தரம் ஏற ஏற டீம் பலமாகும்' என்று புரிந்துகொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோல்ட்ஹார்ட் ஒரு ரேர் சாம்பியன். அவரது ஒரு ஸ்கில் எதிரியின் மொத்த ஹெல்த்தை அடிப்படையாக வைத்து டேமேஜ் கணக்கிடும், எதிரியின் டர்ன் மீட்டரையும் காலி செய்யும். ஹெல்த் மலை போல இருக்கும் ஸ்பைடர் டஞ்சன் பாஸுக்கு எதிராக, பல லெஜண்டரிகளால் செய்ய முடியாததை இவர் செய்வார். எதிரிகள் அனைவரின் டிஃபென்ஸையும் 60% குறைக்கும் வார்மெய்டன், டீமையே வேகப்படுத்தும் அப்போதிகரி, விஷத்தின் தாக்கத்தைக் கூட்டும் ஃப்ரோசன் பான்ஷீ ஆகியோரும் ரேர் தரம்தான். ஆட்டம் தொடங்கும்போது தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேல்கூட விஷ டேமேஜுக்காக ரொம்ப நாள் கூட வருவார்.

பெயரையும் தரத்தையும் பார்க்காதீங்க. ஸ்கில் விவரத்தைத் திறந்து, 'இவர் டீமுக்கு என்ன வேலை செய்வார்?' என்று பாருங்க.

எல்லாமே டர்ன் மீட்டர் கணக்குதான்

ரெய்டு டர்ன் முறையில் நடக்கும் சண்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன் மீட்டர் இருக்கும். ஸ்பீடு அதிகம் உள்ளவருக்கு அது சீக்கிரம் நிரம்பும், நிரம்பினால் அவர் முறை. ஸ்பீடு 100 உள்ளவர் ஒரு முறை அடிக்கும் நேரத்தில் 200 உள்ளவர் இரண்டு முறை அடிப்பார்.

அப்படியானால் எல்லோருக்கும் ஸ்பீடை ஏற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. எண்ட்கேமில் வேகத்தைவிட, யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசைதான் முக்கியம். டிஃபென்ஸைக் குறைப்பவர் முதலில், அடிப்பவர் அடுத்து. இது தலைகீழானால் பெரிய அடி முழுக்க டிஃபென்ஸின் மேல் விழுந்து வீணாகும். அதே ஐந்து ஹீரோக்கள்தான், வரிசை மாறினால் ரிசல்ட் மாறும்.

கிளான் பாஸ்: பாடம் கற்க சரியான இடம்

டீம் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள கிளான் பாஸைவிட நல்ல இடம் இல்லை. ஈஸி முதல் அல்ட்ரா-நைட்மேர் வரை ஆறு நிலைகள். நாம் கொடுக்கும் மொத்த டேமேஜைப் பொறுத்து பரிசுப் பெட்டி கிடைக்கும். அந்தப் பெட்டிகளில் ஷார்டுகளும் புத்தகங்களும் வரும். காசு போடாமல் ஆடுபவர்களுக்கு இதுதான் சம்பளம் மாதிரி.

இந்த பாஸின் நடவடிக்கை மூன்று டர்ன்களாகச் சுழலும். முதல் இரண்டில் எல்லோரையும் ஒன்றாக அடிக்கும். மூன்றாவதில் ஒருவரை மட்டும் அடித்து ஸ்டன் செய்யும். மறுபடி முதலில் இருந்து.

இதை எப்படிப் பயன்படுத்துவது? மூன்று டர்ன் கூல்டவுன் உள்ள ஸ்கில் ஒன்று நம்மிடம் இருக்கிறது, பாஸ் ஒரு முறை ஆடினால் நம் ஹீரோவும் ஒரு முறை ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஸ்கில் எப்போதும் பாஸின் சுழற்சியில் ஒரே இடத்தில்தான் வந்து விழும். ஸ்கல்கிரஷர் என்ற எபிக் சாம்பியன் டீம் முழுவதற்கும் கவுன்டர்அட்டாக் கொடுப்பார். அது பாஸின் இரண்டு பொது அடிகளுக்குச் சற்று முன்னால் விழும்படி அமைத்தால், பாஸ் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஐந்து பேரும் திருப்பி அடிப்பார்கள். பாஸின் தாக்குதலைப் பாதியாகக் குறைக்கும் டீபஃப்பும் அதே நேரத்தில் இருந்தால் டீம் தாக்குப்பிடிக்கும்.

இதைத்தான் 'ஸ்பீடு டியூன்' என்கிறார்கள். பாஸின் ஸ்பீடு நைட்மேரில் 170, அல்ட்ரா-நைட்மேரில் 190. இந்த எண்ணை வைத்துத்தான் நம் ஹீரோக்களின் ஸ்பீடை நிர்ணயிக்க வேண்டும். ஒருத்தருக்கு நல்ல பூட்ஸ் கிடைச்சிடுச்சேன்னு மாட்டிவிட்டால், அவர் கூடுதலாக ஒரு டர்ன் எடுத்து மொத்த டீமின் தாளத்தையும் கலைத்துவிடுவார். வேகமாக இருப்பதும் சில நேரம் தப்பு!

சாகாத டீம்: ரேர் ஹீரோவின் பெருமை

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் 'அன்கில்லபிள்' டீம்கள். மேன்ஈட்டர் என்ற எபிக் சாம்பியன், டீம் முழுவதற்கும் இரண்டு டர்ன் 'அன்கில்லபிள்' பஃப் கொடுப்பார். அது இருக்கும்வரை எவ்வளவு அடி விழுந்தாலும் ஹெல்த் 1-க்குக் கீழே போகாது. இரண்டு டர்ன் முடிந்ததும் பாதுகாப்பு போய்விடும், ஸ்கில் திரும்ப வர நேரம் ஆகும். நடுவில் உள்ள இடைவெளியை எப்படி நிரப்புவது?

ஒரு வழி, இரண்டாவது மேன்ஈட்டரை வைத்து மாற்றி மாற்றிப் போடுவது. இன்னொரு வழி பெயின்கீப்பர். அவர் வெறும் ரேர். டீமில் உள்ள அனைவரின் ஸ்கில் கூல்டவுனையும் ஒரு டர்ன் குறைப்பதுதான் அவர் வேலை. பெரிய டேமேஜ் கிடையாது, பார்க்கவும் ஆர்ப்பாட்டம் கிடையாது. ஆனால் அவரை மையமாக வைத்து அல்ட்ரா-நைட்மேர் பாஸுக்கே டீம்கள் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த உத்திக்கு எல்லையும் உண்டு: 50 டர்ன்களுக்குப் பிறகு பாஸ் அன்கில்லபிளை மதிக்காது. அதற்குள் முடிந்தவரை டேமேஜ் சேர்த்துவிட வேண்டும்.

இப்படிப்பட்ட பெயின்கீப்பரை, 'ரேர்தானே' என்று வேறொரு ஹீரோவை ரேங்க் ஏற்ற தீனியாகப் போட்டவர்கள் ஏராளம். ஒரு ரேர் ஹீரோவை அழிக்கும் முன் அவரது ஸ்கில்லை ஒருமுறை படித்துப் பாருங்க.

டீமில் இருக்க வேண்டிய ஐந்து வேலைகள்

எந்த பாஸாக இருந்தாலும், டீம் போடும்போது கீழே உள்ளவற்றைச் சரிபாருங்கள். ஒரே ஹீரோ இரண்டு வேலை செய்தால் லாபம்.

1. டிஃபென்ஸைக் குறைப்பவர். 60% டிஃபென்ஸ் குறைப்புடன், 25% கூடுதல் டேமேஜ் தரும் 'வீக்கன்' டீபஃப்பும் சேர்ந்தால் அருமை.
2. பாஸின் தாக்குதலைக் குறைப்பவர். நீண்ட சண்டைகளில் உயிர் காப்பது இதுதான்.
3. டீமைக் காப்பாற்றுபவர். ஹீல், ஷீல்டு, டீபஃப் நீக்கம், அன்கில்லபிள் என எந்த வழியானாலும் சரி.
4. வேகத்தைக் கையாள்பவர். டர்ன் மீட்டர் நிரப்புவது, ஸ்பீடு பஃப் கொடுப்பது இவர் வேலை. 60 நாள் லாகின் பரிசாக வரும் ஹை காத்தூன் இந்த வேலைக்கு நல்ல தொடக்கம்.
5. டேமேஜ் கொடுப்பவர். பாஸுக்கு எதிராக விஷமும் ஹெச்பி பர்னும் நன்றாக எடுக்கும். ஆனால் பாஸ் மேல் ஒரே நேரத்தில் 10 டீபஃப்களுக்கு மேல் நிற்காது. மூன்று விஷக்காரர்களை வைத்தால் இடம் நிரம்பி, டிஃபென்ஸ் குறைப்பு உள்ளே நுழைய முடியாமல் போகும்.

பலரும் கவனிக்காத மூன்று விஷயங்கள்

முதலாவது அக்யூரசி. டீபஃப் போடும் ஹீரோவுக்கு இது பாஸின் ரெசிஸ்டன்ஸுக்கு ஏற்ற அளவில் இல்லையென்றால், ஸ்கில் விழும், டீபஃப் ஒட்டாது. 'இந்த ஹீரோ வேஸ்ட்' என்று சொல்லப்படும் பல ஹீரோக்கள் உண்மையில் அக்யூரசி இல்லாதவர்கள். பேனரிலும் மார்புக் கவசத்திலும் இதை ஏற்றலாம்.

இரண்டாவது அஃபினிட்டி. மேஜிக் ஸ்பிரிட்டை வெல்லும், ஸ்பிரிட் ஃபோர்ஸை வெல்லும், ஃபோர்ஸ் மேஜிக்கை வெல்லும். வாய்டு யாருக்கும் பணியாது, யாரையும் மிஞ்சாது. பலவீனமான அஃபினிட்டியில் அடிக்கும்போது 'வீக் ஹிட்' விழலாம். அந்த அடியில் டீபஃப் ஒட்டாது. அதனால் முக்கியமான டீபஃப் போடுபவர் வாய்டாக இருப்பது பாதுகாப்பு.

மூன்றாவது மாஸ்டரி. மினோடார் லேபரிந்தில் கிடைக்கும் ஸ்க்ரோல்களை வைத்துத் திறப்பது இது. 'வார்மாஸ்டர்' 60% வாய்ப்பில், ஸ்கில்லுக்கு ஒரு முறை, எதிரியின் ஹெல்த் அடிப்படையில் கூடுதல் டேமேஜ் தரும். 'ஜெயன்ட் ஸ்லேயர்' ஒவ்வொரு அடிக்கும் 30% வாய்ப்பில் தரும். ஒரே அடி அடிப்பவருக்கு முதலாவது, பல அடி அடிப்பவருக்கு இரண்டாவது. காசு செலவில்லாமல் டேமேஜை ஏற்றும் சிறந்த வழி இதுதான்.

காசு கட்டும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

ஏன்ஷியன்ட் ஷார்டு ஒன்றை உடைத்தால் லெஜண்டரி வரும் வாய்ப்பு 0.5%, எபிக் 8%, மீதி 91.5% ரேர். சேக்ரட் ஷார்டில் லெஜண்டரி 6%, மீதி எபிக்.

0.5% என்றால் 200 ஷார்டில் ஒன்று நிச்சயம் என்று நினைப்போம். அப்படி இல்லை. 200 ஏன்ஷியன்ட் ஷார்டு உடைத்தும் ஒரு லெஜண்டரிகூட வராமல் போக சுமார் 37% வாய்ப்பு உண்டு. அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல் வெறுங்கையோடு நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் 'மெர்சி' முறை தொடங்கி, ஒவ்வொரு ஷார்டுக்கும் வாய்ப்பு 5% கூடும். சேக்ரடில் 12 ஷார்டுக்குப் பிறகு 2% கூடும்.

இதைவிட முக்கியமானது வேறு. வருவது 'ஏதோ ஒரு' லெஜண்டரி. உங்கள் டீமில் டிஃபென்ஸ் குறைப்பவர் இல்லை என்றால், வருபவர் அதைச் செய்பவராக இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வந்தவரை வளர்க்கவும் செலவு உண்டு. ரேங்க் ஏற்ற, அந்த ரேங்கின் எண்ணிக்கையில் அதே ரேங்க் ஹீரோக்கள் தீனியாக வேண்டும். 5 ஸ்டாரில் இருந்து 6 ஸ்டார் போக ஐந்து 5 ஸ்டார் ஹீரோக்கள். 3 ஸ்டாரில் இருந்தே கணக்குப் போட்டால், ஒரு 6 ஸ்டாருக்கு அவரையும் சேர்த்து 120 ஹீரோக்கள் தேவை. பரிசாகக் கிடைக்கும் ரெடிமேட் தீனி கொஞ்சம் குறைக்கும், அவ்ளோதான்.

தேடும் வேலையைச் செய்யும் ஹீரோ, உழைத்தே கிடைக்கும் வழிகளும் உண்டு. ஃபேக்ஷன் வார்ஸ் முழுவதையும் மூன்று நட்சத்திரத்தோடு முடித்தால் லிடியா தி டெத்சைரன் என்ற லெஜண்டரி கிடைப்பார். டிஃபென்ஸ் குறைப்பு, வீக்கன், டீமுக்கு ஸ்பீடு என்று மேலே சொன்ன வேலைகளில் பலவற்றை அவர் ஒருவரே செய்வார். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் யார் வருவார் என்பது முன்பே தெரியும்.

வீட்டில் குழந்தைகளும் அதே போனில் ஆடினால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். ஆஃபர் பட்டனுக்கும் பேங்க் கணக்குக்கும் நடுவில் ஒரு பூட்டு இருக்கட்டும்.

சுருக்கமாகச் சொன்னால்...

டீம் தோற்கும்போது 'எந்த ஹீரோ இல்லை?' என்று கேட்காமல், 'எந்த வேலை நடக்கவில்லை?' என்று கேளுங்கள். சண்டையை ஆட்டோவில் விடாமல் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முதலில் சாவது யார், டீபஃப் ஒட்டுகிறதா, அடிப்பவர் முந்திக்கொள்கிறாரா என்று கவனித்தாலே பாதி விடை தெரிந்துவிடும். மீதி விடை பெரும்பாலும் உங்கள் வால்ட்டில், இத்தனை நாள் தொடாமல் வைத்திருக்கும் ஒரு ரேர் ஹீரோவாக இருக்கலாம்.